நன்றி சொன்ன சுவர்

மார்ச் 12, 2007, திங்கள்

இந்த நாட்குறிப்பை எடுத்தது யாராக இருந்தாலும் இந்த வரியோடு நிறுத்திவிடு. சுவரில் ஒட்டி மிச்சமான காகிதச் சுருளுக்குள் எப்படிச் சொருகியிருந்ததோ அப்படியே சொருகி, அலமாரி மேல் போட்டுவிட்டுப் போ. உன் காலில் விழுகிறேன், யாரிடமும் காட்டாதே. அப்பாவிடம் வேண்டவே வேண்டாம். அவுஸ்மா அத்தையிடம் காட்டினால், டிராம் எங்கள் ஊர் லியெபாயாவின் மறுகோடிக்குப் போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

படிப்பது அப்பாவேதான் என்றால் — அப்பா, முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

விஷயம் இதுதான். என் அறைச் சுவர் இருமுகிறது.

சிரிக்காதே. பதின்மூன்று வயதில் பேய்க்குப் பயப்படுகிற ஆள் இல்லை நான். நேற்றுவரை என் கட்டில் ஜன்னலோரம் கிடந்தது. மற்ற மூன்று சுவர்களில் ஒட்டியிருக்கும் காகிதத்தை நனைத்து உரிக்க வேண்டும் என்று அப்பா அதை நாலாவது சுவரோரம், கம்பளம் தொங்குகிற பக்கம் தள்ளிவிட்டார். சிவப்பில் கறுப்பு மான்கள் நெய்த கம்பளம். குளிருக்கு என்று எல்லோர் வீட்டுச் சுவரிலும் தொங்குவதுதான். நான் பிறக்கும் முன்பே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. இன்றுதான் முதல்முறையாக அதன் பக்கம் முகத்தை வைத்துப் படுத்தேன். விளக்கை அணைத்தேன். மானுக்குப் பின்னாலிருந்து யாரோ இருமினார்கள்.

தெருவிலிருந்து வருகிற இருமல் இல்லை. காதோரத்தில்.

போர்வைக்குள் கைவிளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணல். பரவாயில்லை.

மார்ச் 13

இன்றும் இருமியது. பிறகு மூக்கைச் சிந்தியது. சுவருக்கு ஏது மூக்கு?

மார்ச் 15, வியாழன்

சாப்பிடும்போது அப்பாவிடம் சொல்ல வாயைத் திறந்தேன். உருளைக்கிழங்கைப் போட்டு மூடிக்கொண்டேன்.

அப்பாவிடம் இப்போது சுவர்களைப் பற்றிக் கெட்ட செய்தி எதுவும் சொல்லக் கூடாது. போன இலையுதிர் காலத்தில் ஒருவர் வீட்டை வாங்க வந்தார். ஜன்னலுக்குக் கீழே காகிதம் உப்பியிருந்த இடத்தை விரலால் கிழித்துப் பார்த்தார். உள்ளே ஈரம். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அப்பா அந்த ஈரத்தை அப்புறம் சரி செய்துவிட்டார், ஆனால் போனவர் போனவர்தான். இப்போது தலைநகர் ரீகாவிலிருந்து ஒரு ஜோடி வரப்போகிறார்கள். தாத்ஸே என்கிற அந்த அம்மா தொலைபேசியிலேயே சொல்லிவிட்டாள்: "காகிதம் ஒட்டின வீட்டை நாங்க நம்பறதில்ல. எல்லாத்தையும் உரிச்சு வைங்க. வெறும் சுவரைப் பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுவோம்."

அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை வருகிறார்கள்.

விற்றால் ஜூனில் அயர்லாந்து, அம்மாவிடம். அம்மா அங்கே காளான் பண்ணையில் வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. விற்காவிட்டால் இன்னொரு வருடம் ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசி. "சாப்டியா, படிச்சியா, தொப்பி போட்டுக்கிட்டியா" — எனக்குப் போதும். தொப்பியைப் போட்டுவிடுகிற கை வேண்டும்.

அப்பா ஒரே ஒரு விதிதான் போட்டிருக்கிறார். "மூணு சுவரும் நீயும் நானும் அத்தையும். கம்பளச் சுவரைத் தொடாதே எவி. அது கடைசி. அதை நான் பாத்துக்கறேன்."

"ஏம்ப்பா?"

"கம்பளம் கனம்."

மார்ச் 17, சனி

பயத்தை எழுத வந்தவள் இன்று சந்தோஷத்தை எழுதுகிறேன்.

அத்தை தலையில் துணி கட்டி, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டாள். வெந்நீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு. அகலத் தூரிகையால் சுவரைத் தடவ வேண்டும். பிறகு அவசரப்படக் கூடாது, அதுதான் கஷ்டம். காகிதம் பாலில் ஊறின ரொட்டி மாதிரி உப்பும்வரை காத்திருந்து, அடியிலிருந்து சுரண்டும் தகட்டால் நெம்பி மேல்நோக்கி இழுக்க வேண்டும். தரையிலிருந்து கூரைவரை ஒரே துண்டாக வந்தால் ஒரு சத்தம் வரும் பாரு, பெரிய மிருகம் பெருமூச்சு விடுகிற மாதிரி. என் துண்டுதான் இன்றைக்கு நீளம். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை.

மேலே நுரை மாதிரிப் புள்ளி வைத்த வெள்ளை. அதற்கடியில் பச்சைக் கோடுகள். அதற்கும் அடியில் பழுப்புப் பூக்கள், தாத்தா மாவுப்பசையில் ஒட்டியது. எல்லாவற்றுக்கும் அடியில் செய்தித்தாள். செய்தித்தாள் வந்ததும் அத்தையின் வேலை நின்றுவிட்டது.

"டேய் குந்தார்ஸ், இதைக் கேளேன். பெரிய கடைக்குக் குளிர்கால கோட்டு வந்திருக்காம். ரெண்டு நிறத்துல."

"அக்கா, அந்தக் கடையை இடிச்சு எத்தனையோ வருஷமாச்சு. சுரண்டு," என்றார் அப்பா.

"சுரண்டறேன், சுரண்டறேன். அடியே எவியா, நாளைக்கு மழையாம்."

"எந்த நாளைக்கு அத்தை?"

"அறுபத்தி மூணாம் வருஷத்து நாளைக்கு."

"குடையை எடுத்து வை," என்றார் அப்பா, முகத்தில் சிரிப்பே இல்லாமல். நான் வாளியைத் தட்டிவிடும் அளவுக்குச் சிரித்தேன்.

பழைய பசைத் தூசி மூக்கில் ஏறி நான் தும்மிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தும்மலுக்கும் இரண்டு பேரும் "உடம்பு நல்லாருக்கட்டும்!" என்றார்கள். ஒவ்வொரு தடவையும் நான் "நன்றி." நன்றி சொல்லியே களைத்துவிட்டேன். அப்போதுதான் அத்தை ஆரம்பித்தாள்.

"உன் அப்பன் இருக்கானே, இப்ப பொண்ணுக்கு வாய் வலிக்க வாழ்த்தறான். போன வாரம் மாடிப்படியில விஸ்மா தும்மினா. இவன் மரம் மாதிரி நிக்கறான். தும்மின மனுஷிக்கு ஒரு வார்த்தை சொல்லாதவன் வீட்டுல ஈரம் காயாதுடா."

"காயுது பாரு. சுரண்டு."

விஸ்மா அக்கா எங்கள் மாடியிலேயே பக்கத்து வீடு. டிராம் ஓட்டுகிறாள். அம்மா அயர்லாந்துக்குக் கிளம்பின காலையில், நாங்கள் பெட்டியும் கையுமாக நிறுத்தத்தில் நிற்க, விஸ்மா அக்காவின் டிராம் அம்மாவை ஏற்றாமல் போய்விட்டது. அம்மா யாரோ ஒருவருடைய காரில் ஏறிப் போய், ரீகா பஸ்ஸைக் கடைசி நொடியில் பிடித்தாள். அன்று சாயங்காலம் அப்பா அதே டிராமில் ஏறி, ஆட்கள் நிறைய இருக்கும்போது, "இரும்பு நெஞ்சுக்காரி!" என்று கத்திவிட்டு இறங்கினார். அதற்கப்புறம் பேச்சு இல்லை. விறகு ஷெட்டில் எதிரெதிரே நின்றாலும் இல்லை.

மதியம் அத்தை சமைத்த பன்றிக்கொழுப்பு போட்ட பட்டாணி, தயிர். தலைமுடியெல்லாம் காகிதத் துணுக்கு. மூன்று சுவர்களும் குளித்துவிட்டு வந்த ஆட்கள் மாதிரி வெறுமையாக, சுத்தமாக நிற்கின்றன. ஒரு விரிசல்கூட இல்லை. அப்பா விசிலடித்தார். அப்பா விசிலடித்து எவ்வளவு நாளாயிற்று!

சுவர் இருமவில்லை. விசிலுக்குப் பயந்துவிட்டதோ?

மார்ச் 18, ஞாயிறு

செய்யக் கூடாததைச் செய்துவிட்டேன். என்ன செய்வேன் இப்போ?

காலையில் அம்மா பேசினாள். "மூணு சுவர் முடிஞ்சுதா? என் தங்கமே! நாலாவது?" என்றாள். அந்தக் கேள்வி மண்டைக்குள்ளேயே இருந்தது. அப்பா தூங்கினதும் கம்பளத்தின் கீழ்முனையைத் தூக்கினேன். கனமே இல்லை. கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தால், காகிதத்தின் அடியில் நேர்கோடாக ஒரு மேடு, தரையிலிருந்து என் தலைக்கும் மேலே. சுவரில் இப்படி நேர்கோடு வராது. தண்ணீர் தொட்டுத் தடவினேன். காத்திருந்தேன். ஒரு கை அகலம் மட்டும் உரித்தேன்.

மரம். பழுப்பு வண்ணம் பூசின மரம். வண்ணத்தோடு இறுகிப்போன தாழ்ப்பாள். அதற்குக் கீழே சாவித்துவாரம், பழந்துணி அடைத்தது. துணியைப் பிடித்து இழுத்தேன், நைந்து கையோடு வந்துவிட்டது. உடனே வெங்காயம் வதக்குகிற வாசனை. ரேடியோ. அப்புறம் அந்த இருமல்.

அது சுவர் இல்லை. கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் விஸ்மா அக்காவின் சமையலறை!

பேய் இல்லை என்று தெரிந்ததும் நிம்மதியாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. இன்னும் பயமாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி தூங்குகிற அறைக்குள் நடந்து வரலாம் என்றால் எவன் வாங்குவான் அந்த வீட்டை? அப்பாவுக்கு இது தெரியாது. தெரிந்தால் அந்த விசில் நின்றுவிடும். தாத்ஸேவுக்குத் தெரிந்தால் ஜூன் நின்றுவிடும்.

துணிக்குப் பதில் என் கோடு போட்ட காலுறையைத் திணித்தேன். கம்பளத்தை இறக்கிவிட்டேன்.

மார்ச் 19

பயமும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. அப்படியே எழுதிவிடுகிறேன்.

கம்பளத்துக்குள் தலையை விட்டுக் காலுறை சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தூசி. தும்மிவிட்டேன். வீடே அதிர்கிற தும்மல்.

சுவர் சொன்னது: "உடம்பு நல்லாருக்கட்டும்!"

நான் சொன்னேன்: "நன்றி."

வாய் பழக்கம்! சொல்லி முடித்த பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. அந்தப் பக்கம் ரேடியோ சட்டென்று நின்றது.

"எவியா? நீயா?"

காலுறையை உருவினேன். "நான்தான் விஸ்மா அக்கா."

"எங்கேருந்து பேசறே? குழாய்க்குள்ளேருந்தா?"

"இங்க ஒரு கதவு இருக்குக்கா. காகிதத்துக்குப் பின்னாடி."

கொஞ்ச நேரம் தட்டுகிற சத்தம். டொக், டொக். பிறகு சாவித்துவாரத்தில் திடீரென்று ஒரு ஒளிப்புள்ளி. தன் பக்கத்துக் காகிதத்தைக் கொண்டை ஊசியால் குத்தியிருக்கிறாள்.

"அட என் சாமி! இத்தனை வருஷமா இதும்மேல நாள்காட்டி மாட்டியிருக்கேன். எனக்கு ஜலதோஷம், ராத்திரியெல்லாம் இருமறேன். உன் தூக்கத்தைக் கெடுத்துட்டேனாடி?"

இரண்டு வருடமாகப் படியில் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிற குரல் இது. இவ்வளவு மென்மையான குரல் என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் சொன்னேன் — தாத்ஸே வருவது, அம்மா, ஜூன்.

"சனிக்கிழமையா? எனக்கு லீவு. அவங்க இருக்கறவரைக்கும் மூச்சுகூட விடமாட்டேன் போ," என்றாள். "உங்கப்பாகிட்ட மட்டும் என் பேரைச் சொல்லாதே. காச்சல் வந்துடும் அந்த மனுஷனுக்கு."

மார்ச் 21

பள்ளிக்குப் போகையில் அவள்தான் டிராம் ஓட்டினாள். நேராகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நான் இறங்கும்போது மணியை ஒரு தடவை கூடுதலாக அடித்தாள். எனக்கென்று.

மார்ச் 24, சனி

எல்லாம் போயிற்று. வரிசையாக எழுதினால்தான் தூக்கம் வரும்.

தாத்ஸே வந்தாள், பெரிய வயிறோடு. மே மாதம் குழந்தையாம். புருஷன் நோர்முந்த்ஸ் ஒல்லி. ஒவ்வொரு சுவரையும் விரல் முட்டியால் தட்டி, காதை வைத்து, தர்பூசணி வாங்குகிற ஆள் மாதிரி கேட்டான். "காஞ்சிருக்கு," என்றான். "இதுவும் காஞ்சிருக்கு." அத்தை கொழுப்பு வைத்த குட்டி ரொட்டிகளைத் தட்டோடு ஏந்திக்கொண்டு பின்னாலேயே போனாள். அடுப்பைத் திறந்து பார்த்தார்கள். தாத்ஸே ஜன்னலில் நின்று லிண்டன் மரத்தைப் பார்த்தாள். எங்கே தொட்டில் போடலாம் என்று பார்க்கிறாள், எனக்குத் தெரிந்துவிட்டது.

கடைசியில் என் அறை.

"இந்தக் கம்பளத்துக்குப் பின்னாடி?" என்றான் நோர்முந்த்ஸ்.

"அதுவும் மத்தது மாதிரிதான்," என்றார் அப்பா. அப்பாவின் காது சிவந்திருந்தது. ஏன் சிவக்கிறது என்று நான் யோசிக்கவில்லை, என் காதுதான் அதைவிடச் சிவந்திருக்குமே.

அப்போது சுவர் தும்மியது.

சும்மா தும்மல் இல்லை. மூச்சை அடக்கி அடக்கி வைத்திருந்து வெடிக்குமே, அது. மான்கள் அசைந்தன.

எல்லோரும் அப்படியே நின்றோம். அத்தை இருக்கிறாளே — தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, யோசிக்காமல், கம்பளத்தைப் பார்த்து, "உடம்பு நல்லாருக்கட்டும்!" என்றாள்.

"நன்றி!" என்றது சுவர். பிறகு மிகச் சின்னதாக, "ஐயோ."

தாத்ஸே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உட்கார்ந்து சிரித்தாள், என் கட்டிலில். நோர்முந்த்ஸ் சிரிக்கவில்லை. கம்பளத்தைத் தூக்கினான்.

"கதவு," என்றான். "ஒரு கதவையே மறைச்சவர் வேற என்னென்ன மறைச்சிருப்பீங்க?"

பதிலுக்குக் காத்திருக்காமல் இருவரும் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ரொட்டித் தட்டு அப்படியே.

அத்தையும் போன பிறகு அப்பா வந்து கதவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். சாவித்துவாரத்திலிருந்து காலுறையை மெதுவாக உருவினார். தூக்கிப் பார்த்தார்.

"இது யாரோடது?"

நான் அழுதுவிட்டேன். நான்தாம்ப்பா உரிச்சேன், துணியை நான்தான் எடுத்தேன், துணி இருந்திருந்தா கேட்டே இருக்காது, எல்லாம் என்னாலதான்.

"எவி, இங்க பாரு. இந்தக் கதவை எனக்கு உன்னைவிடச் சின்ன வயசுலேருந்து தெரியும். இந்த மாடி முழுக்க ஒரே வீடா இருந்தது. ரெண்டாப் பிரிச்சப்போ கதவை மூடி மேல காகிதம் ஒட்டினாங்க. அந்தத் துணியை அடைச்சதே நான்தான், உங்க தாத்தா என்னைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டார்."

"அப்போ கம்பளம் கனம்னு சொன்னது?"

"பொய். இன்னைக்கு அந்த ஆள்கிட்ட சொன்னதும் பொய்." காலுறையை என் மடியில் போட்டார். "நான் கம்பளத்தை வெச்சு மறைச்சேன். நீ காலுறையை வெச்சு மறைச்சே. ரெண்டு பேரும் ஒரே கட்சிதான்."

என் தலையில் கையை வைத்தார். கையில் பசை வாசனை. எல்லாம் போன நாளில் எப்படி இவ்வளவு லேசாக இருக்கிறது?

மார்ச் 25, ஞாயிறு

அப்பா அம்மாவிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. தும்மல்வரை சொன்னார். அம்மா சிரித்த சிரிப்பு தொலைபேசிக்கு வெளியே கேட்டது.

"நன்றின்னாளா? வேற என்ன சொல்லுவா, நல்லபடியா வளந்தவ."

"உன்னை விட்டுட்டுப் போனவ," என்றார் அப்பா.

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. நான் அப்பாவின் கையோடு காதை ஒட்டி வைத்திருந்தேன்.

"குந்தார்ஸ், அன்னைக்கு அவ கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு நின்னா. ஏறுங்கன்னு கையைக்கூடக் காட்டினா. நான்தான் எவியைக் கட்டிக்கிட்டு விடல. எவ்வளவு நேரம் நிப்பா பாவம், பின்னாடி அத்தனை பேரு வேலைக்குப் போகணும். உனக்கும் தெரியும். யாரையாவது திட்டணும் உனக்கு. என்னைத் திட்ட முடியல."

அப்பா தொலைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்புக்கு விறகு போடப் போனார். அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.

எனக்கு அந்தக் காலை ஞாபகம் வந்தது. அம்மாவின் கோட்டுப் பொத்தான் கன்னத்தில் குத்தினது. டிராம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மார்ச் 27, செவ்வாய்

தாத்ஸே கூப்பிட்டாள்!

அவளுக்கு வீடு பிடித்திருக்கிறதாம். ரீகாவில் பக்கத்து வீட்டுக்காரர் செத்தால்கூடத் தெரியாதாம், இங்கே தும்மினால் வாழ்த்து வருகிறதாம். ஆனால் நோர்முந்த்ஸ் ஒரு நிபந்தனை போடுகிறான். அந்தப் பக்கமும் காகிதத்தை உரித்து, கதவைத் திறந்து, மரம் உளுத்திருக்கவில்லை என்று இரண்டு பக்கமும் காட்ட வேண்டும். சனிக்கிழமைக்குள். அப்புறம் அதைச் செங்கல் வைத்து அடைப்பதா வேண்டாமா என்பது அவர்கள் பாடு.

"போய்க் கேளுடா," என்றாள் அத்தை.

அப்பா ஷூவின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, நான் கேக்கறேன், எனக்கென்ன வெக்கம்?" அத்தை போனாள். வந்தாள். "உரிக்கறாளாம். சந்தோஷமா உரிக்கறாளாம். ஆனா நீதான் வந்து கேக்கணுமாம். டிராம் பூரா கேக்கற மாதிரி கத்தினவர், என் வீட்டு வாசல்ல மெதுவா ஒரு வார்த்தை பேசட்டும்னா. நியாயம்தானேடா?"

"நாளைக்கு," என்றார் அப்பா.

மார்ச் 28

நாளைக்கு என்றார். அந்த நாளை இன்று. போகவில்லை.

சாவித்துவாரத்தில் வாயை வைத்துக் கெஞ்சினேன். "அக்கா, அப்பாவுக்குப் பதிலா நான் கேக்கறேனே? நான் நூறு தடவை மன்னிப்பு கேக்கறேன்."

"நீ எதுக்குடி கேக்கணும்? நீ ஒண்ணும் கத்தலியே." மூக்கைச் சிந்தினாள். "எவியா, நான் அன்னைக்குக் காத்திருந்தேன். அதுக்கு மேலதிகாரிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். அது போகட்டும். இரும்பு நெஞ்சுன்னாரே, அதுதான் இறங்கல. இன்னைக்கும் அந்த நிறுத்தம் வந்தா பிரேக்கைக் கொஞ்சம் சீக்கிரமே பிடிச்சுடறேன், பைத்தியக்காரி மாதிரி."

"ஜலதோஷம் எப்படி இருக்குக்கா?" என்று கேட்டேன்.

"தேன் போட்டுக் குடிக்கறேன். போய்த் தூங்கு. நீ போயிட்டா இந்தப் பக்கம் சத்தமே இருக்காது."

மார்ச் 29

கம்பளத்தைச் சுருட்டிவிட்டோம். என் பக்கத்துக் கதவு முழுக்க உரித்தாயிற்று. கட்டில் பழையபடி ஜன்னலோரம்.

அப்பா தாழ்ப்பாளின் வண்ணத்தைச் சுரண்டி எடுத்தார். எண்ணெய் விட்டார். முன்னும் பின்னும் அசைத்து அசைத்து, அது வழுக்கிக்கொண்டு ஓடும்வரை. திறக்கவில்லை. மறுபடி மூடினார்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்று பயம்.

மார்ச் 30, வெள்ளி

நாளைக்குத் தாத்ஸேவும் நோர்முந்த்ஸும் வருகிறார்கள். அந்தப் பக்கத்துக் காகிதம் இன்னும் அப்படியே இருக்கிறது. ஒளிப்புள்ளியும் இல்லை. விஸ்மா அக்காவுக்கு இன்று சாயங்கால ஷிப்ட்.

அத்தை வெங்காயச் சருகுகளை ஒரு பை நிறையச் சேர்த்து வைத்துவிட்டுப் போனாள், அடுத்த வாரம் ஈஸ்டர் முட்டைக்குச் சாயம் ஏற்ற. "இந்த வீட்டுல கடைசி ஈஸ்டரோ, என்னவோ," என்றாள். "இல்ல, அடுத்த வருஷமும் இங்கதான் முட்டை உருட்டுவீங்களோ. எல்லாம் உன் அப்பன் நாக்குல இருக்கு."

சாப்பாட்டுக்கு அப்புறம் அப்பா முகம் கழுவினார். வெள்ளிக்கிழமை ராத்திரி வெள்ளைச் சட்டை போட்டார். அலமாரியிலிருந்து பிர்ச் மரத்துச் சாறு ஒரு ஜாடியை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தார்.

"விறகு கொண்டு வரப் போறேன்," என்றார்.

வெள்ளைச் சட்டையிலா? ஜாடியோடா? நான் "சரிப்பா" என்றேன்.

போய் ரொம்ப நேரமாகிறது. கீழே ஷெட் கதவு சத்தம் கேட்கவில்லை. மாடிப்படிச் சத்தமும் கேட்கவில்லை. கடைசி டிராம் போய்விட்டது. எங்கே போனார்? நான் ஏன் இவ்வளவு பயப்படுகிறேன்? அவள் முகத்தில் கதவைச் சாத்தியிருந்தால்? அப்பா படியிலேயே உட்கார்ந்திருந்தால்? விளக்கை அணைத்துவிட்டுப் போர்வைக்குள்

ஏதோ சத்தம்.

தண்ணீர் ஊற்றுகிற சத்தம். வாளி. கதவுக்கு அந்தப் பக்கம். இப்போது சுரண்டுகிற சத்தம் — எனக்குத் தெரியாதா இந்தச் சத்தம்! எழுதிக்கொண்டே கேட்கிறேன்.

"முதல்ல நனைங்க. ஊறட்டும். அவசரப்படாதீங்க." அது அப்பா. அப்பாவேதான்!

"எனக்குச் சொல்லித் தராதீங்க. நான் எத்தனை வருஷமா டிராம் ஓட்டறேன் தெரியுமா?"

"டிராம் இல்லம்மா இது."

"அதான் காத்திருக்கச் சொல்றீங்களா?"

ஐயோ, தகடு நின்றுவிட்டது. இரண்டு பேரும் நிற்கிறார்கள் போலிருக்கிறது. ஒரு மூச்சு இழுக்கிற சத்தம். இன்னொன்று. வரப்போகிறது, அந்தத் தும்மல் வரப்போகிறது —

வந்துவிட்டது.

"உடம்பு நல்லாருக்கட்டும், விஸ்மா," என்றார் அப்பா. மெதுவாக. படியில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துச் சொல்கிற மாதிரி.

வாளியைக் கீழே வைக்கிற சத்தம்.

"நன்றி," என்றாள் விஸ்மா அக்கா.

மறுபடி தகடு. பெரிய துண்டு ஒன்று உரிந்து வருகிறது. அந்தப் பெருமூச்சுச் சத்தம். தரையிலிருந்து கூரைவரை வந்திருக்கும், என்னுடையதைவிட நீளமாகக்கூட இருக்கலாம். சாவித்துவாரம் முழுக்க வெளிச்சம். மஞ்சள் வெளிச்சம் நீளமாக என் தரைமேல், கட்டில் கால்வரை. கைவிளக்கே வேண்டாம், இந்த வெளிச்சத்திலேயே எழுதலாம், இதோ எழுது

தட்டுகிறார்கள். வாசல் கதவு இல்லை, இந்தக் கதவு.

"எவி, தூங்கிட்டியா? தாழ்ப்பாள் உன் பக்கம்தாம்மா இருக்கு."